அரை இன்ச் அகலமான பிரேம்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவள் நலம். என் நலத்தைக் கீழே நீயே படித்துத் தெரிந்துகொள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நீ லாரியில் போட்டு அனுப்பிய சைக்கிள் பிரேம் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. அது வராமலே இருந்திருக்கலாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் நான் தையல் கடையை மூடியதும், உன் அக்காவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்ததும் உனக்குத் தெரியும். எட்டரைக்கு அவள் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, நடந்தால் முக்கால் மணி நேரம், அதுவும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. இன்னொரு நாள் ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் இதற்குக்கூட உதவவில்லை என்றால் நான் எதற்கு? என் பழைய சைக்கிளின் பிரேம்தானே முறிந்து கிடக்கிறது, சக்கரமெல்லாம் நன்றாக இருக்கிறதே, ஒரு பிரேம் கிடைத்தால் அவளுக்கு ஒரு வண்டி ஆயிற்றே என்று உனக்குப் போன் செய்தேன். நீயும் மறுபேச்சில்லாமல் அனுப்பினாய்.

முன்சக்கரம் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. பின்சக்கரம்தான் என் பிராணனை வாங்கியது. உன் பிரேமின் பின்கால்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தைவிட என் சக்கரத்தின் நடுவில் அச்சைத் தாங்குகிற ஹப் அரை இன்ச் ஒடுக்கம். அப்பா சட்டையைப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி தொளதொளவென்று ஆடியது. நட்டை இறுக்கினால் பிரேம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்பேனரைப் போட்டேன். எதிர்க்கடை சைக்கிள்காரர், எப்போதும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதால் நாங்கள் முணுமுணுப்பு என்று கூப்பிடுவோமே, அவர் ஓடி வந்தார்.

"ஐயா, கையை எடுங்க! நசுக்கினா பிரேம் கோணிக்கும். நீளமா ஒரு அச்சு போட்டு, ரெண்டு பக்கமும் வளையம் குடுத்து ஹப்பை அகலமாக்கணும்."

நீயே செய்து கொடுப்பா என்று அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நாற்பது வருஷம் ஊருக்கே அளவெடுத்தவன் இன்னொருத்தர் முன்னால் போய் நிற்பதா என்று ஒரு வீம்பு. அச்சை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, டேப்பால் அளந்து, சீட்டில் எழுதி, லேத்துக்காரரிடம் கொடுத்தேன். அவர் அழகாக இரண்டு இரும்பு வளையம் வெட்டிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் இப்போது ஹப் அரை இன்ச் கூடுதல், பிரேமுக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. சண்டைக்குப் போனேன். அவர் என் சீட்டையே என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்க கையெழுத்துதானே? எதுக்கு அரை இன்ச் கூட எழுதுனீங்க?"

"தையலுக்கு விட்டேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"இரும்பை எங்கண்ணே மடிச்சுத் தைப்பீங்க?"

லேத்துப் பட்டறையே சிரித்தது. நான் என்ன செய்வேன் மச்சான், கைப்பழக்கம். யாருக்கு அளவெடுத்தாலும் அரை இன்ச் சேர்க்காமல் என் பேனா நகராது. ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம் இல்லையா? அவர் வளையங்களைப் பாதியாகத் தேய்த்துக் கொடுத்தார். வலப்பக்கம் செயின் மாட்டுகிற பல்சக்கரம், அதில் கை வைக்கப் பயந்து நான் இரண்டையும் இடப்பக்கமே போட்டேன். சக்கரம் வலப்பக்கம் ஒதுங்கிப் பிரேமை உரசிக்கொண்டு நின்றது. சரி, கம்பிகளை முறுக்கி நடுவுக்கு இழுப்போம் என்று பாவாடை நாடாவை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தேன், நாலு கம்பி பட்டுப்பட்டென்று அறுந்து சக்கரம் கோணி எட்டுப் போட்டுவிட்டது. மறுபடி அச்சைக் கழற்றப் போனதில் ஹப்புக்குள் இருந்த குண்டெல்லாம் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. உன் அக்கா விளக்குமாற்றை நீட்டி ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் வீம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு முணுமுணுப்பிடம் போனேன். பக்கத்துக்கு ஒரு வளையமாகப் பிரித்துப் போட்டு, புதுக் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, அரை மணி நேரத்தில் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு நாள் ஆகியும் முடியாதது. இப்போது சக்கரம் சத்தமில்லாமல் நேராகச் சுற்றுகிறது.

இவ்வளவும் ஆகி வண்டி கூடத்தில் நிற்கிறது, உன் அக்கா தொடவே மாட்டேன் என்கிறாள். முதல் நாள் மழை வரும் என்றாள். மறுநாள் பையை மாட்ட இடமில்லை என்றாள். இத்தனை நாளும் போனது போலவே இப்போதும் ஏழரைக்கே கிளம்பி நொண்டி நொண்டி நடந்து போகிறாள். நான் செய்த வண்டி என்பதால்தான் பயமோ என்று தோன்றுகிறது. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். ஓட்டச் சொல்லி நீயாவது புத்தி சொல். இல்லையென்றால் வந்து இந்த பிரேமைத் தூக்கிக்கொண்டு போ, இனிமேல் ஒரு ஆணிகூட எனக்கு அனுப்பாதே.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: என்ன இவ்வளவு நீளம் என்று உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், மச்சான். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கத்தினேன். "கடையை மூடினதுலேர்ந்து பத்து மணி வரைக்கும் போர்வையை விட்டு எந்திரிக்காம கிடந்தீங்க. ஸ்பேனரை எடுத்ததும் ஆறு மணிக்கே எந்திரிச்சீங்க. நான் எப்படிங்க சொல்லுவேன்?" என்றாள். தெரிந்தேதான் நீயும் பிரேமை அனுப்பினாயாமே, அவள்தான் அனுப்பச் சொன்னாளாமே. நல்ல அக்கா, நல்ல தம்பி. நாளையிலிருந்து காலையில் நான்தான் ஓட்டிக்கொண்டுபோய் அவளை விட வேண்டுமாம், சாயங்காலம் வாசலில் போய் நிற்க வேண்டுமாம். ஊசிதான் தெரியவில்லை, ரோடு தெரிகிறதே என்கிறாள். கேரியர் இல்லையே என்றேன், முன்கம்பியில் உட்கார்ந்துகொள்கிறாளாம், ஐம்பத்து மூன்று வயதில். தெருவே சிரிக்கும் என்றேன். சிரிக்கட்டும் என்றாள். பிரேமை எடுக்க நீ வர வேண்டாம். கேரியர் ஒன்று கிடைத்தால் அனுப்பு. அவசரம் ஒன்றும் இல்லை.