ஏரிக்கரை நாய்களுக்காக நான் சாட்சி சொல்லப் போன கதை

எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல வராது. எனக்கு அறவே வராது. “ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வாங்கோ” என்று யாராவது கூப்பிட்டால் “ஓம், கட்டாயம் வாறன்” என்பேன். நான் வரமாட்டேன் என்பது கூப்பிட்டவருக்குத் தெரியும். அவர் சமைத்து வைக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. இந்த நல்ல பழக்கத்தைச் சுவிற்சர்லாந்துக்கும் கொண்டுவந்ததுதான் நான் செய்த பிழை. இங்கே ‘ஓம்’ என்றால் உடனே நாட்குறிப்பை எடுத்து, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.

என்னுடைய இரண்டாவது குறை நாய்ப்பயம். சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவன் நான். (எத்தனை ஊசி என்று கேட்காதீர்கள். சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுவதாக என் மனைவி சுகந்தி சொல்கிறாள்.)

2011இல் நாங்கள் ஜெர்மனும் பிரெஞ்சும் பேசும் பீல் நகருக்கு வெளியே, ஏரிக்குக் கிட்ட ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பஸ் பிடிக்க ஏரிக்கரைப் புல்வெளியைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்தப் பகுதியிலேயே நாய்களைக் கட்டாமல் அவிழ்த்து விடக்கூடிய இடம் அது ஒன்றுதான். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். என் தோளிலோ சாப்பாட்டுப் பை. அதற்குள் றொட்டியும் இறைச்சிக் கறியும். வாசம் பிடித்துக்கொண்டு நாய்கள் ஓடி வரும். ஓடினால் துரத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால் நட்ட கம்பம் மாதிரி நின்று, கைகளை நெஞ்சோடு கட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிடுவேன். அவை பையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அவை தூரப் போனதும் நானும் போய்விடுவேன்.

இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் மேல்வீட்டு ஃப்ராவ் கெர்பர். (ஜெர்மனில் திருமதிக்கு ஃப்ராவ், திருவாளருக்கு ஹேர்.) எழுபது தாண்டியவர். இடுப்பு எலும்பு மாற்றி, இரண்டு ஊன்றுகோல்களில் நடப்பவர். அவருடைய நாயின் பெயர் பேரி. கன்றுக்குட்டி உயரம், பஞ்சு மூட்டை அகலம். ஒருநாள் அவர் என்னை நிறுத்தினார்.

“ஹேர் நாதன், நாய் வளர்க்கிறவர்களுக்கு இப்போது கட்டாய வகுப்பு இருக்கிறது. நாய் ஓடி வந்தால் அசையக்கூடாது, கையை ஆட்டக்கூடாது, அதன் கண்ணைப் பார்க்கக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறீர்கள். எங்கே படித்தீர்கள்?”

“யாழ்ப்பாணத்தில்” என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு நாய்களோடு பழகத் தெரியும் என்று ஊரெல்லாம் கதை பரவிவிட்டது. நானும் மறுக்கவில்லை. (மறுக்க வேண்டுமானால் ‘இல்லை’ என்றல்லவா தொடங்கவேண்டும்.)

அந்தக் கோடையில்தான் பிரச்சினை வந்தது. புல்வெளியில் இனி எல்லா நாய்களையும் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பகுதியினர் ஊர்ச்சபையிடம் கேட்டார்கள். ஃப்ராவ் கெர்பர் ஊன்றுகோல்களோடு படியிறங்கி எங்கள் கதவைத் தட்டினார். முகம் வாடிப்போயிருந்தது.

“இரண்டு கையிலும் கோல் இருக்கும்போது நாயின் வாரை எந்தக் கையால் பிடிப்பது? கட்டச் சொன்னால் பேரியை மலைப்பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும். பேரி போனால் நான் எதற்கு வெளியே போகப் போகிறேன்?” கண் கலங்கிவிட்டது. “சபையின் ஆள் புல்வெளிக்கே வந்து பார்க்கப் போகிறார். நாய் இல்லாத ஒருவர் எங்களுக்காகப் பேச வேண்டும். வருவீர்களா?”

கண் கலங்கி நிற்பவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதோடு இன்னொன்றும் உண்டு. எங்கள் கட்டிடத்தில் துணி துவைக்கும் அறைக்கு முறை வைத்திருந்தார்கள். தன்னுடைய சனிக்கிழமை முறையை எங்களுக்கு விட்டுத் தந்தவர் ஃப்ராவ் கெர்பர். சுவிஸ்காரர் ஒருவர் சனிக்கிழமை துவைக்கும் முறையை விட்டுத் தருவதென்பது சும்மா விஷயமில்லை. “ஓம், வாறன்” என்றேன், ஜெர்மன் மொழியில்தான்.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு மொஸ்யூ பெரன் வந்தார். பிரெஞ்சு பேசும் மனிதர். எங்கள் மகளுக்கு இரண்டு வருடமாகச் சும்மா பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர். ஏரிக்கரைப் பொது அடுப்பில் அவர் சுட்டு வைத்த செர்வெலா என்ற தடித்த சொசேஜை நாய்கள் பல தடவை தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. நாய்களைக் கட்டக் கேட்டவர்களில் அவர்தான் முன்னுக்கு.

“மொஸ்யூ நாதன், என் பல்கனியிலிருந்து உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கிறேன். பாவம், உயிரே போய்விடும் போல நிற்கிறீர்கள். வந்து அதைச் சொல்லுங்கள்.”

உண்மையைத்தான் சொன்னார். உண்மைக்கு எப்படி மறுப்புச் சொல்வது? “ஓம், வாறன்” என்றேன், பிரெஞ்சில்.

சுகந்தி குசினியிலிருந்து வந்தாள். “இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டு நிக்கிறீங்கள்!”

“ரெண்டு பேரும் நல்ல சனம்.”

“அதுக்கு? அங்க போய் என்னத்தைக் கதைக்கப் போறீங்கள்?”

“ஒண்டும் கதைக்கமாட்டன். சனத்தோட சனமா பின்னுக்கு நிண்டு, ரெண்டு பேருக்கும் தலையைக் காட்டிப்போட்டு வாறன்.”

எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பழகியவன் நான். விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, முக்கியமான விஷயத்துக்கு வர முதலே சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பின்னால் நிற்பவனை யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்?

அந்த நாள் வந்தது. கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டேன். “வெறுங்கையோட போகாதேங்கோ” என்று சுகந்தி ஒரு பெரிய பை நிறைய ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துத் தந்தாள். இரண்டு பக்கமும் கோபித்தாலும் ஆளுக்கொரு றோல்ஸ் கொடுத்தால் சமாளித்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். அவிழ்த்துவிட்ட நாய்கள் நிற்கிற இடத்துக்குச் சுடச்சுட இறைச்சி கொண்டுபோகிறேனே என்று எனக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கும் எங்களுக்கு விளங்காத விஷயம் அது.

ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஐந்தேகாலுக்குப் போனேன். (எங்கள் கணக்கில் அது நேரத்தோடு போவது.) பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒளிந்து நிற்கப் பின்வரிசையே இல்லை. எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். சபையிலிருந்து வந்த அம்மையார் ரப்பர் சப்பாத்தோடு நடுவில் நின்றார்.

“நாய்க்காரர்களின் சாட்சி யார்?”

“ஹேர் நாதன்” என்றார் ஃப்ராவ் கெர்பர்.

“மறுபக்கத்துச் சாட்சி?”

“மொஸ்யூ நாதன்” என்றார் பெரன்.

அம்மையார் என்னைப் பார்த்தார். “நீங்கள் இரண்டு பேரா?”

எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. ஜெர்மனில் ஒரு ஓமும் பிரெஞ்சில் ஒரு ஓமும் சொன்னேன். இரண்டு பக்கத்துச் சனமும் என்னை முறைத்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று என் பக்கமிருந்து நாய்களின் பக்கம் அடித்தது. பேரி தலையை நிமிர்த்தியது.

அங்கு நின்ற நாய் அத்தனையும் வந்தன. நான் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கம்பமாக நின்றேன்.

“பாருங்கள், எவ்வளவு அமைதி!” என்றார் ஃப்ராவ் கெர்பர்.

“ஐயோ, மனுஷன் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறான்!” என்றார் பெரன்.

அம்மையார் கிட்ட வந்து, “ஹேர் நாதன், நீங்கள் அமைதியாக இருக்கிறீர்களா, பயந்துபோய் இருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன், தமிழில்.

ஒரு நாய் துள்ளியது. நான் ஓரடி பின்வாங்கினேன். இன்னோரடி. குளிராக இருந்தது. திரும்பிப் பார்த்தால் முழங்கால் அளவு ஏரியில் நிற்கிறேன். நாய்கள் இதை விளையாட்டு என்று நினைத்து நீந்தி வர, நான் இன்னும் பின்னுக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில், கோட்டு இரண்டு பக்கமும் மிதக்க, றோல்ஸ் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு நீந்தவும் தெரியாது.

கரையிலிருந்து ஃப்ராவ் கெர்பர் ஒரே ஒரு சொல் சொன்னார். “நைன்.” ஜெர்மனில் ‘இல்லை’. கத்தவில்லை. பேரி அப்படியே திரும்பிக் கரையேறி, அவருடைய கோலுக்குப் பக்கத்தில் படுத்தது. மற்றவர்களும் கூப்பிட, மற்ற நாய்களும் போய்விட்டன.

அவமானத்தில் எனக்கு வந்த கோபம் என் மேல்தான். தண்ணீரில் நின்றபடியே ஜெர்மனில் கத்தினேன். “எனக்கு நாயென்றால் பயம்! எந்த நாயென்றாலும் பயம்! மூன்று வருடமாகப் பயந்து பயந்துதான் இதால் போகிறேன். ஒன்றுகூட என்னைக் கடித்ததில்லை. இந்த அம்மாவால் வார் பிடிக்க முடியாது, நாயைப் பிரித்துவிடாதீர்கள். ஆனால் மொஸ்யூ பெரனின் செர்வெலாவை நாய் தூக்கினது உண்மை. அடுப்புப் பக்கத்தில் மட்டும் கட்டட்டும்!”

“இதைக் கரையில் நின்றே சொல்லியிருக்கலாமே” என்றார் அம்மையார்.

சில வாரங்களில் சபை ஏறத்தாழ அப்படியே முடிவெடுத்தது. அடுப்புகளைச் சுற்றிக் கட்டவேண்டும், மற்ற இடமெல்லாம் வழமை போல. பேரி மலைக்குப் போகவில்லை. மொஸ்யூ பெரன் அன்றைக்கே, நான் நனையாமல் தூக்கிப் பிடித்த றோல்ஸில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கிறது என்றார்.

ஃப்ராவ் கெர்பர்தான் கூட்டத்துக்கு அடுத்த நாள் மிகுந்த வருத்தத்தோடு வந்தார். “மூன்று வருடமாகப் பேரியை உங்களிடம் ஓட விட்டேனே. ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கூப்பிட்டிருப்பேன். என்னை அவ்வளவு பொல்லாதவள் என்றா நினைத்தீர்கள்?”

பண்பு என்று நினைத்து நான் செய்ததெல்லாம் அந்த மனுஷிக்கு அவமரியாதையாகப் பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

கதவடியில் நின்று திரும்பினார். “மற்ற இடுப்புக்கும் சத்திரசிகிச்சை. மூன்று வாரம். பேரியை யார் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. உங்களைக் கேட்கிறேன், நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.”

மறுக்க எனக்கு அனுமதியே கிடைத்துவிட்டது. இருந்தும், “பார்க்கிறேன், ஆனால் பயத்தோடுதான் பார்ப்பேன்” என்றேன்.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டுக்கு வந்த ஆட்கள் கீழே நின்று மணியடித்து, “அக்கா, நாய் கட்டியிருக்கோ?” என்று கேட்பார்கள். சுகந்தி மேலேயிருந்து சொல்லுவாள், “நாய் அவிட்டுத்தான் விட்டிருக்கு, அது ஒண்டும் செய்யாது. ஓடிப்போகாமல் இவரைத்தான் கட்டி வைச்சிருக்கிறன்.”

பேரி செத்துப் பல வருடமாகிவிட்டது. பேரியைக் கண்ணாலும் காணாத புது ஆட்கள்கூட, இன்றைக்கும் எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டு முதலில் கேட்பது, “அக்கா, அண்ணையைக் கட்டியிருக்கோ?”