கை தட்டத்தான் போனேன்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் ஹவுஸ் ஓனர் பத்மநாபன். மற்றவர்கள் எல்லாம் அப்புறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மயிலாப்பூரில் என் பஞ்சர் கடையைத் திறக்கக் கிளம்பினேன். மாடிப்படியில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"ஏழுமலை, இன்னிக்கு கடை வேண்டாம். கோடம்பாக்கம் போய் கை தட்டிட்டு வா."

அவர் பெண் சுபா டிவி பாட்டுப் போட்டியில் பாடிக்கொண்டிருந்தது. பார்க்கிற ஜனம் போஸ்ட் கார்டில் ஓட்டு போடும். வாரத்துக்கு ஒருத்தர் வெளியே. சுபா கடைசி ஒன்பது பேருக்குள் வந்துவிட்டது.

"நீங்க போவலியா சார்?"

"நான் எதிர்ல உட்கார்ந்தா அவளுக்கு வரி மறந்துடும். நீ போ. மத்தியானம் உனக்குப் புளியோதரைப் பொட்டலம் உண்டு. அதுக்கு நான் பொறுப்பு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் கீழ் வீட்டுக்கான தண்ணீர் மோட்டார் சுவிட்சு அவர் வீட்டு ஹாலுக்குள் இருக்கிறது. அவர் போட்டால்தான் எங்களுக்குக் குழாயில் தண்ணீர்.

போனேன்.

ஸ்டூடியோவில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒருத்தன் என்னையே பார்த்தான்.

"பெரியவரே, மீசை நல்லா கீது. முன்னாடி வந்து குந்து."

பெருமை தாங்கவில்லை! அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தேன், ஒரு நாள்கூட முன் பெஞ்சில் உட்கார விட்டதில்லை.

மேடையில் ஒரு ஈ காக்காய் இல்லை. அவன் கத்தினான். "எல்லாரும் தட்டுங்க!"

"இன்னாபா இது? பாடவே இல்லியே, யாருக்குத் தட்டறது?"

"சும்மா தட்டு பெரியவரே. இப்ப எடுத்து வெச்சுக்குவோம். அப்புறம் வேணுன்ற எடத்துல ஒட்டிக்குவோம்."

கைதட்டலை ஊறுகாய் மாதிரி போட்டு வைக்கிறார்களாம். தட்டினேன்.

மத்தியானம் பொட்டலம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தார்கள். என்னிடம் வரும்போது கூடை காலி.

"எனக்குப்பா?"

"முன் வரிசையில எல்லாம் விஐபிங்க. அவங்க வூட்லயே சாப்ட்டு வந்துருவாங்க."

"நான் பஞ்சர் ஒட்றவன்பா!"

கூடைக்காரன் போய்விட்டான். புளியோதரை வாசனை மட்டும் நின்றது.

அப்புறம் மேடை விளக்கு ரிப்பேர். ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். காலி வயிறு, ஏசி காற்று. வந்தது பாருங்கள் ஒரு கொட்டாவி! தாடை கழன்று மடியில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். எதிரே காமிராவில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பரவாயில்லை, ஒரு விளக்காவது எரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சுபா பாடியது. எழுந்து நின்று தட்டினேன். விசில் அடித்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பாதி பாட்டுக்கு, பாதி பசிக்கு.

இரண்டு வாரம் கழித்து டிவியில் போட்டார்கள். மொத்தக் குடித்தனக்காரர்களும் ஓனர் வீட்டு ஹாலில்.

முதலில் ஒரு அம்பத்தூர் பையன் பாடி முடித்தான். உடனே ஒரு மீசைக்காரன் எழுந்து நின்று தட்டுகிறான், விசில் அடிக்கிறான், கண்ணைத் துடைக்கிறான்.

நான்தான்.

"சார், அது நம்ம சுபாவுக்குத் தட்டினது..."

"உஷ்! அவ வர்றா. பேசாம இரு."

சுபா மேலே மேலே போய், உச்சியில் நின்று இழுத்தது. ஹாலில் எல்லாரும் மூச்சைப் பிடித்தோம்.

அப்போது என் வாய் வந்தது.

டிவி முழுக்க வாய்தான். கடைவாயில் எத்தனை பல் போயிருக்கிறது என்று எதிர் வீட்டுக்காரர் எண்ணிச் சொன்னார்.

பத்மநாபன் எழுந்தார். "அந்தப் பையனுக்குக் கண்ணீர். எங்காத்துப் பொண்ணுக்குக் கொட்டாவியா?"

"மாத்தி ஒட்டிட்டானுங்க சார்! சுபாவையே கேளுங்க."

"நான் கண்ணை மூடிண்டுன்னா பாடினேன், எனக்கென்ன தெரியும்?" என்றது அது.

மறுநாள் காலை குழாயைத் திறந்தால் காற்று வந்தது. என் சம்சாரம் கஸ்தூரி இரண்டு குடத்தை என் கையில் கொடுத்துத் தெருமுனை பம்புக்கு அனுப்பினாள்.

"உன்ன கை தட்டத்தானே கூப்ட்டாங்க? வாய யாரு தொறக்க சொன்னது?"

அடுத்த வாரம் கார்டுகளை எண்ணினார்கள். சுபா வெளியே. மோட்டார் பக்கம் பத்மநாபன் போவதே இல்லை.

இனி அந்த ஹெட்போன்காரன் வந்து சாட்சி சொன்னால்தான் தண்ணீர் என்று, கோடம்பாக்கத்துக்கு சைக்கிளை மிதித்தேன். தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"அட, கொட்டாவி பெரியவரு! உன் வாயைப் பத்தித்தான் நைனா இங்க எல்லாரும் பேசிக்கினு கீறாங்க. டைரக்டருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இனிமே வாராவாரம் ஆரம்பத்துலயே உன் கொட்டாவிதான்!"

போட்டி முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் வாய். திங்கட்கிழமை இடுப்பில் குடம்.

போட்டி முடிந்த பிறகுதான் குழாயில் தண்ணீர் வந்தது. இன்றைக்கும் பத்மநாபன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும். அவர் பொறுப்பு என்று சொன்ன புளியோதரைப் பொட்டலம் எனக்கு இன்னும் வரவில்லை.

அதை அன்றைக்கே கொடுத்திருந்தால் என் வாய் வேலையாக இருந்திருக்கும்.