முப்பதாம் நம்பர் செங்கல்

எலவனாசூர்கோட்டை
26.9.1987

மெட்ராஸில் வீற்றிருக்கும் மகா கனம் பொருந்திய செபாஸ்தியான் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் அமல் பணிவோடு (அம்மா பக்கத்தில் நிற்கிறாள்) எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, நான், இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். ரெஜினா அக்காவும் சுகம், இடது கன்னத்தில் சட்டைப் பொத்தான் அளவு இடம் நீங்கலாக.

அந்த இடம் வெளுத்திருப்பதைக் களமருதூர் மாப்பிள்ளை சவரிமுத்து பார்த்துவிட்டார். தோல் டாக்டர் கையால் 'ஒன்றுமில்லை' என்று சீட்டு வந்தால்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சம்மதிப்பாராம். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய ஓலை; நவம்பருக்குள் முடியாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்துவிடும், கோயிலில் தாலி கட்டவிடமாட்டார்கள், கல்யாணம் தள்ளிப்போகும், அதுவரை தாங்கமாட்டாராம், வேறு பெண் பார்ப்பாராம். அக்கா அழவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள்.

தோல் டாக்டர் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரே ஒரு புதன்கிழமை தரிசனம் தருபவர். அமாவாசைக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், அமாவாசை தவறாமல் வரும். முப்பது பேரைத்தான் பார்ப்பார்; இது தெரியாத தோல் வியாதி நூறு பேருக்கு வந்து தொலைக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் விடியுமுன்பே செருப்பையோ பையையோ வரிசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சீட்டு கொடுக்கும் காசிநாதன் ஆளைப் பார்ப்பதே இல்லை, குனிந்தபடி ஒவ்வொரு சாமான் மேலும் ஒரு நம்பரை வைத்துக்கொண்டே போவார். ஆகஸ்டில் எங்கள் கூடைக்கு முன்னால் ஒரு செங்கல் கிடந்தது. செங்கல்லுக்கு முப்பது, எங்களுக்கு முப்பத்தொன்று. டாக்டர் முப்பதை மூன்று தடவை கூப்பிட்டார், செங்கல் எழுந்து வரவில்லை, அவர் எழுந்து போய்விட்டார்.

"முப்பது வராம முப்பத்தொண்ண எப்படிம்மா அனுப்புறது?" என்றார் காசிநாதன்.

செங்கல் வைத்தவன் கை விளங்காமல் போக என்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். வரிசையே ஆமென் போட்டது.

இந்த மாதப் புதனுக்குக் கிளம்பினால், இடஒதுக்கீட்டு மறியலில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் படுத்திருந்தன. ஊரே இடம் கேட்டுக்கினு இருக்கையில் எங்களுக்கு வேண்டியது முப்பதுக்குள் ஓர் இடம்தான். நாங்கள் நடந்தே போனோம். டாக்டர் நடக்கவில்லை. இந்த மாதச் சீட்டு அடுத்த மாதம் செல்லாதாம். வியாதி மட்டும் எல்லா மாதமும் செல்லும்.

ஆகவே தாங்கள் அங்கே யார் காலையாவது பிடித்து அக்காவுக்கு ஒரு நம்பர் வாங்கவும். பிடிக்குமுன் அந்தக் காலில் சொறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

அத்தைக்கு அம்மாவின் ஸ்தோத்திரம். எல்லோர் தோலையும் மாதா காப்பாளாக.

இப்படிக்கு,
அமல்

பி.கு. (28.10.1987): மன்னிக்கவும் மாமா, இக்கடிதம் ஒரு மாதமாக என் கணக்குப் புத்தகத்துக்குள் வரிசையில் நின்றது. இனி நம்பர் வேண்டாம். இன்று அக்காவை எட்டாம் நம்பரில் கூப்பிட்டார்கள். டாக்டர் கன்னத்தில் தேமலைத் தேடினார். காத்திருந்து சலித்து அதுவே போய்விட்டிருந்தது. 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தால், ஒன்பதாம் நம்பரில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, இடுப்பைச் சொறிந்தபடி நம் சவரிமுத்து.

"இது சும்மா வேர்வைல வந்த படை" என்றார்.

"இருக்கட்டுங்க. ஒண்ணுமில்லன்னு நீங்களும் ஒரு சீட்டு வாங்கிக்கினு வாங்க. ஓலைய அப்புறம் பாக்கலாம்" என்றாள் அக்கா.

ஒன்பதைக் கூப்பிடுமுன், ஏதோ அவசர மீட்டிங் என்று டாக்டர் ஜீப் ஏறிவிட்டார். அடுத்த புதன் நவம்பர் கடைசியில்; அதன்பின் ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு ஏது? வீட்டுக்கு வந்ததும் அக்கா கண்ணாடியைத் திருப்பி மாட்டினாள்.

அந்தச் செங்கல்லை வைத்தது நான்தான் மாமா. அதற்கும் நம்பர் கொடுப்பாரா என்று பார்க்கத்தான் வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அக்கா களமருதூரில் அந்தப் படைக்கு மருந்து தடவிக்கொண்டிருப்பாள். இருந்தாலும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம். என் கை இன்னும் விளங்குகிறது.