பத்தொன்பதாம் நம்பர் கல்

“அந்தக் கறுப்புக் கல்லையா தேடுறீங்க? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேனே!” என்றாள் லோயிஸ், அரிசி புடைத்தபடியே.

கட்டிலடியில் தேடிக்கொண்டிருந்த கணவர் ஏனோக் பதறி எழுந்தார். அது சும்மா கல்லா? ஹைதராபாத் கனிமக் காட்சிசாலையின் பத்தொன்பதாம் நம்பர் அல்லவா! ‘உலோகக் கனிமம். தனி வகைதானா என்பது சந்தேகம். எடை 412 கிராம்’ என்று ரிஜிஸ்தர் சொல்லும். கீழே பொறுப்பாளர் ஏனோக்கின் கையெழுத்து. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நாளை மறுநாள் கல்கத்தாவிலிருந்து நிபுணர் பத்ரிநாராயணன் வருகிறார். பளிச்சென்று இருக்கட்டுமே என்று புளி போட்டுத் தேய்க்க வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு குற்றமா? ரிட்டையராக நாலே மாசம். மெமோ வந்தால் பென்ஷன் அம்பேல்.

“கையில தூக்கிப் பாத்தான். மறுபேச்சில்லாம எவர்சில்வர் டம்ளர் குடுத்துட்டான்!” லோயிஸுக்குப் பெருமை வேறு.

திருமுல்கேரியிலிருந்த பழைய இரும்புக் கடைக்கு ஓடினார்.

“ஹவ் சாப், ஆமா, வாங்கினேன். அப்பவே உருக்கறதுக்குப் போயிடுச்சு.”

ரயில்வே பட்டறையிலிருந்த மச்சினன் எட்மண்ட்தான் கைகொடுத்தான். “இந்தாங்க அத்தான், இரும்புக் கட்டி. கரியைப் பூசினா சாட்சாத் அதேதான்.”

412 கிராம் நிறுத்தால் கட்டி, கல் இருந்த காட்சிப் பெட்டிக்குள் நுழையவில்லை. நுழையும்படி ராவினால் எடை முந்நூறைத் தாண்டவில்லை. ராவிய பொடியைக் கோந்தில் குழைத்து ஒட்டினார்; காயவில்லை. காற்றாடிக்குக் கீழே வைத்தார். தலையணைப் பஞ்சு பறந்துவந்து ஒட்டி, கல்லுக்கு நரை விழுந்தது. கடைசியில் இன்னொரு முழுக் கட்டியை வாங்கி, பெட்டியின் பக்கப் பலகையைப் பெயர்த்துவிட்டுத் திணித்தார்.

நிபுணர் வந்தார். அட்டெண்டர் சூசைராஜ் நீட்டிய டீயை வேண்டாமென்றார். மற்ற அலமாரிகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“பத்தொன்பது எங்கே?” குரலே நடுங்கியது. படித்தவர்களுக்குக் கல் மேல் எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்டார் ஏனோக்.

நிபுணர் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கல் மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. ‘கர்த்தாவே!’ என்று கண்ணை மூடினார் ஏனோக்.

“கொஞ்சம் பெருத்திருக்கே?”

“மழைக்காலம் சார். ஈரம்.”

நிபுணர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பு. “ஆமாமா, ஈரம்தான்!” ரிஜிஸ்தரை இழுத்து, ‘சந்தேகம் நீடிக்கிறது. இனி யாரும் பரிசோதிக்கத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேண்டாமென்ற டீயைக் கேட்டு வாங்கி, இரண்டு கப் குடித்துவிட்டுப் போனார்.

ஏனோக் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். “இவ்வளவு படிச்ச மனுஷன், என்னை எப்படிய்யா விட்டார்?”

சூசைராஜ் கப்பை எடுத்தபடியே சொன்னான்: “பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த அலமாரிக்கு அவருதானே சார் பொறுப்பு! அசல் கல்லைத் தொலைச்சுட்டு அழுதாரு, காந்தமே ஒட்டாத பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி வெச்சுக் குடுத்ததே நான்தான்.”