ஆட்டுக் கொட்டகைக்கு ஒரு முடிவு

“எத்தனை அடிக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டீங்கன்னா வேலையை ஆரம்பிச்சுடுவேன் சார்” என்றார் வெல்டர், போனில்.

ஊருக்கு வெளியே ஹெட்கிளார்க்கின் மனைவி வளர்க்கும் ஆடுகளுக்கு நாற்பத்தெட்டடி நீளத்தில் கொட்டகை. கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டத்துக்கு ட்ரஸ் என்று பெயர். ஒரு ட்ரஸுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி.

“எட்டடி” என்றார் ஹெட்கிளார்க்.

சொல்லி முடித்ததும்தான், ஒரு முடிவு எடுத்துவிட்டோம் என்பது உறைத்தது. முப்பது வருட அலுவலக வாழ்க்கையில் இப்படி ஒரு அசம்பாவிதம் நடந்ததேயில்லை. “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று பின்வாங்கினார்.

வீட்டிலும் அப்படித்தான். மகளின் படிப்பிலிருந்து வாசல் கதவின் நிறம் வரை மனைவி சொன்னதுதான். இந்தக் கொட்டகையை மட்டும், என்ன நினைத்தாளோ, “நீங்களே பாத்துக்குங்க” என்று விட்டிருந்தாள். மழைக்கு இன்னும் மூன்று வாரம். இதிலும் சொதப்பினால் ஆடுகூட மதிக்காது.

கூரை ஷீட் கடைக்காரரைக் கேட்டார். பன்னிரண்டடி தாராளம் என்றார் அவர். அவருக்கென்ன, நனையப்போவது அவரா? இருந்தாலும் ஹெட்கிளார்க் போனில் பன்னிரண்டு என்றார். வெல்டர், “ஆகட்டும் சார்” என்றார். மனிதர் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சினன் கட்டட வேலையில் இருப்பவன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தான். “பன்னெண்டா? ஒரு காத்து அடிச்சா கூரை பக்கத்து ஊர்ல போய் உக்காந்துக்கும் அத்தான். ஆறடி போடுங்க.”

இரண்டு அதிகாரிகள் முட்டிக்கொண்டால் இருவர் சொன்னதையும் பாதிப்பாதி எழுதி அனுப்புவது அலுவலகத்தில் அவர் கண்ட ஞானம். காற்று வரும் பக்கம் ஆறு, மறுபக்கம் பன்னிரண்டு. வெல்டர் அதற்கும் ஆகட்டும் என்றார்.

காகிதத்தில் வரைந்து பார்த்தார். பாதிக் கூரை விறைத்து நின்றது, மீதி தூளி மாதிரி தொங்கியது. மிரண்டுபோய், மொத்தத்துக்கும் நாலடி என்றார். பதின்மூன்று ட்ரஸ், இருபத்தாறு தூண். மனைவி எட்டிப் பார்த்து, “ஆட்டுக்குக் கொட்டகையா, திருடனுக்கு ஜெயிலா?” என்றாள். அவர் நாலடியையும் அடித்துவிட்டார்.

இடத்தை வெல்டரோடு நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதில்லை, லீவு போட வேண்டும். லீவு போடலாமா என்பது இன்னொரு முடிவு.

மூன்றாவது வாரம் வானம் கறுத்தபோது ஒருவழியாக லீவு போட்டார். அளவு இன்னும் பிடிபடவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதற்காக பஸ் ஏறி ஓடினார்.

கொட்டகை நின்றுகொண்டிருந்தது. வெளியே தூறல். உள்ளே ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெல்டரிடம் டேப்பை வாங்கி அளந்தார். எட்டடி. அடுத்ததும் எட்டடி.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “கடைசியில இதையும் அவளே முடிவு பண்ணிட்டாளா?”

வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டார். “அம்மா எங்க சார் முடிவு பண்ணாங்க? ‘எங்க வீட்டுக்காரர் முதல்ல சொல்றது எப்பவும் சரியா இருக்கும், யோசிக்க ஆரம்பிச்சாத்தான் கெடுத்துடுவாரு, அதுக்குள்ள கூரையை ஏத்திடுங்க’ன்னாங்க.”