வழக்கம்போல் உண்போர் குழு

நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்று ஏணியின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பொறித்திருந்தது. மின்பணியாளரோ கருவிப் பையோடு நூற்றுநான்கு கிலோ. ஆறு மாதத்துக்குள் ஏணிக்கு ஏற்ற எடைக்கு வராவிட்டால் கிடங்கில் உட்கார்ந்து பல்பு எண்ண வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக உயரத்திலேயே வாழ்ந்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

"நான் என்ன பண்றது? அப்பா குண்டு, அவங்கப்பா குண்டு. வயரிங்கே அப்படி!" என்று வீட்டில் முழங்கினார்.

"வயரிங் இருக்கட்டும். சுவிட்ச் எங்கேயாவது இருக்கான்னு கேட்டுட்டு வருவோம், கெளம்புங்க."

அவர் மனைவியான அம்மையார் மருந்துக் கடையில் பணிபுரிபவர். மருத்துவர்களின் கிறுக்கலையே சரளமாகப் படிப்பவர்.

மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. "மரபணுவை மாத்த முடியாது. ஆனா அதும்மேல சில குறிகள் இருக்கு. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்கிறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. சாப்பாடு அந்தக் குறிகளை எவ்வளவு மாத்துதுன்னுதான் பாக்கிறோம்" என்றார் பெண் மருத்துவர். பருமனானவர்களில் இரண்டு குழுக்கள். ஒன்று உணவை மாற்றும். மற்றொன்று வழக்கம்போல் உண்ணும். விருப்பப்படி சேரலாம்.

"நான் வழக்கம்போல் குழு! அறிவியலுக்கும் ஆள் வேணும்ல?" என்றார் மின்பணியாளர் மனைவியிடம், தியாகியைப்போல. கூடுதலாயிருந்த நான்கு கிலோவை, கருவிப் பையைக் கழற்றிவிட்டு எடைபார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

"வெளியில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

பக்கத்தில் அம்மையார் இருந்ததால் மின்பணியாளர் உஷாரானார். "வெளியிலயா? தண்ணிகூடக் குடிக்கிறதில்ல டாக்டர்!"

"அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க டாக்டர்" என்றார் அம்மையார், பரவசத்துடன்.

மின்பணியாளரின் மூக்குக் கண்ணாடி வீட்டில், கருவிப் பையில் கிடந்தது. ஆகவே படிவத்தை நிரப்பியதும், தனித்தாளில் அந்த உறுதிமொழியை எழுதியதும் அம்மையாரே. அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கணவர் கையெழுத்திட்டார்.

மறுநாள் மாலை நான்கு மணி. பேக்கரி.

"ரெண்டு கிரீம் கேக்."

"மன்னிச்சுக்குங்கண்ணே." பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டியைச் சுட்டினார். உள்ளே, கேக்குகளுக்கு நடுவே, ஒரு தாளின் நகல்: 'நான் வெளியில் எதையும் உண்பதில்லை.' கீழே அவருடைய கையெழுத்தேதான். "காலையில அண்ணி ஒட்டிட்டுப் போனாங்க. பக்கத்துக் கடையிலயும் ஒட்டியாச்சாம்."

"அது டாக்டருக்குச் சொன்னதுப்பா!"

"அப்ப டாக்டருக்குப் பொய்யா சொன்னீங்க?"

வெறுங்கையோடு திரும்பினார். வீட்டில் கீரையும் பயறும் காத்திருந்தன. எண்ணெய்க் கரண்டி இருந்த இடத்தில் தேக்கரண்டி தொங்கியது. "வழக்கம்போல்னுதானே சொன்னாங்க?" என்றவருக்கு, "இன்னைக்குச் சாப்பிட்டா, நாளைக்கு இதுதாங்க வழக்கம்" என்று பதில் வந்தது.

ஆறு மாதம் கழிந்தது. தொண்ணூற்றைந்து கிலோ. கருவிப் பையோடு ஏணியின் உச்சிப்படியில் நின்று அவர் போட்ட விளக்கை மேலாளர் அண்ணாந்து பார்த்தார்.

"ரத்தத்துல சில குறிகள் மாறியிருக்கு" என்றார் மருத்துவர். "சாப்பாட்டாலதான்னு ஒருத்தரை வெச்சுச் சொல்லிட முடியாது. எல்லாரையும் சேத்துப் பாக்கணும்."

மின்பணியாளருக்கு மனசாட்சி உறுத்தியது. "டாக்டர், உங்க ஆராய்ச்சியை நான் கெடுத்துட்டேன். நான் வழக்கம்போல் குழு. தினம் ரெண்டு கேக் தின்னவன். அன்னைக்குச் சொல்லல."

மருத்துவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இம்முறை அவரிடம் கண்ணாடி இருந்தது. 'இதுவரை வெளியில் உண்டவை: நான்கு மணிக்குக் கிரீம் கேக் இரண்டு. சம்பள நாளன்று நான்கு.' அம்மையாரின் முத்து முத்தான எழுத்து. கீழே, குழு: 'மாற்றுவோர்.' அதற்கும் கீழே அவருடைய கையெழுத்து.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார், உடன் வந்திருந்த அம்மையாரிடம்.

"உங்க சட்டையைத் துவைக்கிறது யாருங்க?"

அவர் மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். எத்தனையோ கட்டடங்களின் வயரிங்கைப் படித்தவர். இப்படியொரு நேர்த்தியைக் கண்டதில்லை. "அடேங்கப்பா!" என்றார் மனதார. "சரி, ஆறு மாசம் முடிஞ்சுது. வழியில ஒரே ஒரு கேக்?"

அம்மையார் படிவத்தின் கடைசி வரியில் விரல் வைத்தார். கணவர் கையெழுத்திட்டிருந்தது மூன்று ஆண்டு ஆராய்ச்சிக்கு.