மல்லசமுத்ரின் கண்டுபிடித்த கதை

நான் ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடித்தவள். சிரிக்காதீர்கள். ஒரு நாள் மதியம் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பதினொன்றரை வரைக்கும் அது உலகத்துக்கே புதுசாக இருந்தது. அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். அப்புறம் நடந்ததை எங்கள் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் யாராவது ஒருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் மசாலா சேர்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு மல்லசமுத்திரத்தில் ஒரு வருஷமாக வீட்டோடு இருந்தேன். "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்பவர்களிடம் அம்மா "படிச்சிருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுவாள். அந்தக் கோடையில்தான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி வந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பயிற்சி. (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூலக்கூறுகளை எடை போடும் தராசு, அவ்வளவுதான். விலையைக் கேட்டால்தான் மிரள வேண்டும்.) பயிற்சி முடிவில் ஒருவரை அங்கேயே ஆராய்ச்சி உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். இன்னொரு வருஷம் "படிச்சிருக்குது" என்று இருந்தால் பைத்தியமே பிடித்துவிடும்.

அப்பா போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது கல்லைக் குடைந்துகொண்டிருப்பார். அந்தச் சமயம் வண்டி சர்வீசுக்காகத் திருச்செங்கோட்டில் நின்றதால் வீட்டில் இருந்தார். பஸ் ஏற்றிவிட வந்தவர் என் கையில் ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்தைத் திணித்தார்.

"சாமி, எந்த மெஷினா இருந்தாலும் மொதல்ல ஒரு பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் தொடோணும். பொட்டு வெக்காம நாங்க ஒரு பாயிண்ட்டுலயும் போர் போட்டதில்ல."

"அது வேற மெஷினுங்கப்பா."

"மெஷின்னா மெஷின்தான் சாமி."

பயிற்சியை நடத்தியவர் செலின் மேடம். முதல் நாளே பட்டியல் போட்டுவிட்டார். சென்ட் கூடாது, கிரீம் கூடாது, கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. இந்த இயந்திரம் கடுகில் ஆயிரத்தில் ஒரு பங்கு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நான் அத்தனைக்கும் கட்டுப்பட்டேன். தலைக்கு எண்ணெய்கூட வைக்கவில்லை. சாமி காரியமும் அந்தப் பட்டியலில் வரும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாதிரியை அவரவரே இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். மறுநாள் முடிவை அரங்கத்தில் எல்லார் முன்னாலும் மேடையேறிச் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோனது எங்கள் காட்டு மரவள்ளி இலைச் சாறு. எனக்கு அடுத்து ஆத்தூர் சரவணன். அவருடையது மேட்டூர் அணை மீனின் சாறு. முதல் முறை எனக்குத்தான். இயந்திரத்துக்கே பொட்டு வைத்தால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அதனால் ஓரமாகத் திரும்பி நின்று, என் கண்ணாடிக் குப்பியின் மூடிமேல் கடுகளவு மஞ்சளைக் குழைத்து வைத்தேன். கும்பிட்டேன். கை கழுவினேன். (அப்படியொரு சுத்தக்காரி!) புதுக் கையுறை மாட்டிக்கொண்டு குப்பியை உள்ளே வைத்தேன்.

இயந்திரத்தின் ஊசி மூடியைக் குத்திக்கொண்டுதான் உள்ளே இறங்கும். நான் பொட்டு வைத்தது நட்ட நடுவில். அடுத்து சரவணன் குப்பிக்குள் இறங்கியதும் அதே ஊசிதான்.

மூன்று மணிக்குத் திரையைப் பார்த்தேன். அடேயப்பா! 369 என்ற எடையில் ஒரு கோடு கோபுரம் மாதிரி நின்றது. மரவள்ளி இலையில் இருக்க வேண்டியவை எல்லாம் அதன் காலடியில் புல் மாதிரி கிடந்தன. பயிற்சிக் கணினியில் இருந்த குட்டிப் பட்டியலில் தேடினேன். பொருந்தவில்லை. அப்படியென்றால் புதுசு! மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பெயர் பங்கு போய்விடுமே! உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சிட்டேனுங்க. நம்மூர் பேரையே வெக்கப் போறேன். மல்லசமுத்ரின்."

"நாளைக்கு நான் வாரேன் சாமி" என்றார்.

மறுநாள் கடைசி வரிசையில் அப்பா, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, மடியில் ஒரு இனிப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் மேடையேறி மல்லசமுத்ரின் மனித குலத்துக்கு என்னென்ன செய்யக்கூடும் என்று பத்து நிமிஷம் பேசினேன். புற்றுநோய் வரைக்கும் போய்விட்டேன்.

செலின் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "369 பக்கத்துல 339, 309 இருக்கா பாரு."

பார்த்தேன். "இருக்குங்க மேடம்." எப்படித் தெரியும் என்று ஆச்சரியம் வேறு!

"சரவணன், உங்க மீன்ல?"

அவர் தயங்கி எழுந்தார். "எனக்கும் அதே மூணும் இருக்கு மேடம். மரவள்ளி இலை தின்ன மீனா இருக்கும்னு நெனச்சேன்."

"மீன், மஞ்சள். புளி மட்டும்தான் பாக்கி, குழம்பு ஆயிடும்" என்றார் மேடம். அரங்கமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "மூணும் மஞ்சள்ல இருக்கிற பொருள். என் மெஷினுக்குள்ள மஞ்சளை யாரு விட்டது?"

வாயைத் திறந்தால் வேலை போச்சு. திறக்காவிட்டால்? அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"நானுங்க. நாந்தான் குடுத்து உட்டனுங்க. பொட்டு வெக்கச் சொன்னதும் நாந்தானுங்க. புள்ள மேல தப்பில்லீங்க."

கல்லையே குடைகிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் கை கட்டி நின்றார். எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "இல்லீங்க மேடம். வெச்சது நான். அவருக்கு ஒண்ணும் தெரியாது." சொல்லிவிட்டு மேடையிலேயே அழுதேன்.

வேலை சரவணனுக்குப் போனது. எனக்குக் கிடைத்தது மூன்று நாள் சுத்தம் செய்யும் தண்டனை. ஊசியைக் கழுவி, குழாய் மாற்றி, வெறும் கரைப்பானையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். கோபுரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. அந்த இயந்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படியானது அந்த மூன்று நாளில்தான். மேடமும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அப்பா விட்டுப்போன இனிப்புப் பெட்டியை அவரோடுதான் பிரித்தேன்.

அடுத்த வருஷம் சேலத்தில் மஞ்சள் கலப்படம் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நேர்முகத் தேர்வு. "மஞ்சளை எப்படி அடையாளம் காண்பீங்க?" என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் முடிப்பதற்குள் "369, 339, 309" என்றேன். இன்றும் அங்கேதான் வேலை.

வீட்டில் குழம்பு வெளிறி இருந்தால் அம்மா, "மல்லசமுத்ரின் பத்தலையாட்ட இருக்குது" என்பாள். என் கல்யாணத்தில் நலங்கு வைத்தபோது சித்தி ஒருத்தி, "கண்டுபுடிச்ச புள்ளைக்கே பூசறமே!" என்றாள். அப்பா மட்டும் அதைச் சொல்லிச் சிரித்ததே இல்லை.

ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் மதியச் சோறு கொண்டுவருவார். ஆய்வக வாசலைத் தாண்ட மாட்டார். நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வருவதைப் பார்த்ததும் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார்.

"கழுவிட்டேன் சாமி."